பஸ்னிக் கப்பலுக்குத் தோல்பை தேடிய ஒரு பகல்

பஸ்னிக்கு இரண்டாவது நிவாரணக் கப்பல் வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறது. முதல் கப்பலுக்குச் சாமான் சேர்க்கிறேன் என்று மாட்டுங்காவிலிருந்து தாராவி, அங்கிருந்து செம்பூர், அங்கிருந்து துறைமுகம் என்று ஒரே பகலில் அலைந்தவன் நான். இந்தத் தடவை சாமான் சேர்க்கப் போக நினைக்கிறவர்கள் வழி கேட்டு என் ஆபீஸ் வாசலில் வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் நம் சங்கத்துச் சைக்ளோஸ்டைல் பத்திரிகையிலேயே எழுதிவிடுகிறேன். நான் செய்த கோணல்களையும் சேர்த்துத்தான்.

நவம்பர் கடைசியில் பஸ்னி இருக்கிற மக்ரான் கரையில் பூமி அதிர்ந்ததும், பின்னாலேயே கடல் எழும்பி ஊருக்குள் ஏறியதும் எல்லோரும் அறிந்த சேதி. அன்று காலை நம் பம்பாயிலேயே கடல் தாறுமாறாக ஏறி இறங்கி, வெர்சோவா பக்கம் ஆட்களைக் கொண்டுபோனது. இங்கேயே அப்படி என்றால் அங்கே எப்படி இருக்கும்? நான் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. நிவாரணக் கப்பலின் காகிதமெல்லாம் என் மேஜை வழியாகத்தான் போனது. அமெரிக்க சிப்பாய்கள் கொடுத்த பால்பவுடர் டின்கள், பிரிட்டிஷ் ராணுவத்துக் கம்பளிகள், ஓர் அரபு வியாபாரி அனுப்பிய பேரீச்சம்பழ மூட்டைகள் என்று கொடவுன் நிறைந்துகொண்டே வந்தது. உட்கார்ந்து பட்டியல் எழுத என்னால் முடியவில்லை. காலில் சக்கரம் கட்டியவன் என்று என் மனைவி அலமேலு சொல்வது சும்மா இல்லை.

அந்தக் கரையில் கிணறுகள் எல்லாம் உப்பேறிவிட்டன, தண்ணீருக்குப் பாத்திரம் வேண்டும் என்று அங்கே போயிருந்த ஒரு ராணுவக் கப்பலிலிருந்து கம்பியில்லாத் தந்தி வந்தது. படித்த அடுத்த நிமிஷம் நான் மாட்டுங்காவில் இருந்தேன். இரண்டு நாளில் எண்பத்தாறு பித்தளைக் குடம் சேர்த்தேன். நம்மவர்களைக் குறை சொல்லக்கூடாது, கேட்டவுடன் கொடுத்தார்கள். எல்லாக் குடத்திலும் கழுத்தடியில் பெயர் வெட்டியிருந்தது. அலமேலு தன் கல்யாணச் சீர்க்குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள்.

கப்பல் கிளம்பும் நாள் காலை ஏழரை மணிக்கு ஒரு லாரியில் குடங்களோடு துறைமுகம் போய் இறங்கினேன். மாட்டுங்காவிலிருந்து ஏழு மைல், முக்கால் மணி நேரம். ரயிலில் போகிறவர்கள் மஸ்ஜித் பந்தரில் இறங்கிப் பத்து நிமிஷம் நடக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு இரண்டணா.

கப்பலின் டெக் ஆட்களுக்குத் தலைவர் முராத். செராங் முராத் என்பார்கள். பஸ்னிக்காரர். மனைவி, இரண்டு பையன்கள், வயதான தாயார் எல்லோரும் அங்கேதான். தந்திக் கம்பி அறுந்துபோய்ப் பல நாளாக ஒருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை வரவில்லை. மனிதர் தூங்கியே பல நாள் ஆகியிருக்கும். அவர் குடங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பாபுஜி, இது எல்லாம் எதுக்கு?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"பானிக்கு" என்றேன், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

அவர் கோபப்படவில்லை. ஒரு குடத்தை எடுத்து டெக்கில் வைத்தார். அது உருண்டது. பஸ்னியில் கப்பல் கரைக்குப் போகாதாம். ஒரு மைல் தள்ளி நங்கூரம் போட்டு, சின்னப் படகில்தான் எதையும் இறக்க வேண்டுமாம். கடைசியில் இடுப்பளவு அலையில் இறங்கித் தூக்கிப் போக வேண்டும். மூடியில்லாத குடத்தில் கொண்டுபோனால் கரை சேரும்போது பாதி கடல் தண்ணீராகிவிடும். "மஷக் கொண்டுவாங்க. ஆட்டுத்தோல் பை. வாயைக் கட்டித் தண்ணியில போட்டா மிதக்கும், கயிறு கட்டி இழுத்துக்கலாம். கப்பல் தொட்டியில தண்ணி நிறைய இருக்கு பாபுஜி. கரைக்குக் கொண்டுபோகத்தான் ஒண்ணுமில்லை" என்றார். மாலை ஐந்து மணிக்குக் கப்பல் கிளம்பியாக வேண்டும். மூன்றே முக்காலுக்குள் சாமான் வந்தால்தான் ஏற்ற முடியும்.

இடுப்பில் வைத்துத் தூக்குகிற பாத்திரத்தைத் தவிர வேறு பாத்திரம் உண்டென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. குடங்களை அதே லாரியில் திருப்பி ஏற்றிக்கொண்டு மாட்டுங்கா வந்தேன். வழியில் வீட்டில் ஒரு நிமிஷம் நின்று விஷயத்தைச் சொன்னேன்.

"ஏன்னா, தோல்லயா ஜலம் அனுப்பப் போறேள்? கேக்கவே குமட்டறது" என்றாள் அலமேலு.

"அங்க இருக்கறவாளுக்குக் குமட்டாது" என்று சொல்லிவிட்டு, குடங்களைக் கூடத்தில் இறக்கச் சொல்லி நடையைக் கட்டினேன்.

மாட்டுங்காவிலிருந்து தாராவித் தோல் கிடங்குகள் ஒன்றரை மைல். நடந்தால் அரை மணி, நான் இருபது நிமிஷத்தில் போனேன். பதினைந்து வருஷமாகப் பக்கத்திலேயே இருந்தும் அதுதான் எனக்கு முதல் தடவை என்பதை எழுதத்தான் வேண்டும். மூக்கைப் பிடிக்கிற வாசனைதான். கால் மணியில் பழகிவிடும், கைக்குட்டையை எடுக்காதீர்கள். அது அங்கே இருப்பவர்களை அவமானப்படுத்துவது.

மஷக் தைப்பவர் யார் என்று கேட்டதும் எல்லோரும் ஒரே வீட்டைக் காட்டினார்கள். சுடலைமுத்து என்று பெயர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னதும் ஊசியைக் கீழே வைத்தார்.

"எத்தன பை வேணும் சாமி?"

"எத்தனை இருந்தாலும்."

"எங்கிட்ட இப்பம் இருவத்து மூணு கெடக்கு. ரெண்டு நாளைக்கு முன்னாடி சொல்லியிருந்தா தெருவே உக்காந்து தச்சிருக்கும்லா?"

நான் அந்த இரண்டு நாளும் வீடு வீடாகக் குடம் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

அவரே யோசித்து ஒரு வழி சொன்னார். சண்டை நடந்த காலத்தில் அவர் ராணுவத்துக்குத் தைத்துக் கொடுத்த பைகள் செம்பூர் பக்கத்து டிப்போ ஒன்றில் சும்மா கிடக்குமாம். சண்டை முடிந்ததும் அந்த டிப்போவைக் கலைக்கிறார்களாம். "நானும் வாரேன். கெடந்த தோலு காஞ்சிருக்கும். எது நிக்கும், எது கிழியும்னு நாந்தான் பாக்கணும்" என்று மேல்துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். இருபத்து மூன்று பைகளையும் ஒரு கைவண்டியில் ஏற்றி, அவர் மருமகனோடு துறைமுகத்துக்கு அனுப்பினோம்.

தாராவியிலிருந்து சயான் ஸ்டேஷனுக்கு நடை பதினைந்து நிமிஷம். சயானிலிருந்து குர்லா ஒரே ஸ்டேஷன். குர்லாவில் இறங்கிச் செம்பூர் வண்டிக்கு மாற வேண்டும். அந்த வண்டிக்காக நாங்கள் முப்பத்தைந்து நிமிஷம் காத்திருந்தோம். நான் பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். சுடலைமுத்து பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். "சாமி, நீங்க நடந்தா வண்டி வந்துருமா?" என்று ஒருமுறை கேட்டார். கேலிதான், ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செம்பூரில் இறங்கும்போது பன்னிரண்டே கால். ஸ்டேஷனுக்கு வெளியே வயலும் பனைமரமும்தான், கடை கண்ணி அதிகம் இல்லை. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். டிப்போ அங்கிருந்து ஒரு மைல், செம்மண் பாதை.

டிப்போவில் ஒரு ஸ்காட்லாந்துக்கார சார்ஜெண்ட் இருந்தார். ஊருக்குப் போகக் கப்பல் கிடைக்காமல் மூன்று மாதமாகக் காத்திருப்பவர். நான் ஆபீஸ் கடிதத்தை நீட்டினேன். மேலதிகாரி கையெழுத்து வேண்டும், அவர் வெளியே போயிருக்கிறார் என்றார். நான் கத்திவிட்டேன். என் இங்கிலீஷ் கோபத்தில் நன்றாகவே வரும். அவர் பதிலுக்குக் கத்தாமல், எந்த ஊருக்கு, எவ்வளவு பேருக்கு என்று விசாரித்தார். தாமும் மீன்பிடிக் கிராமத்துப் பிள்ளை என்றார். பிறகு கையெழுத்துக் கிடக்கட்டும் என்று கொட்டகைச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு லாரியும் தருவதாகச் சொன்னார், இரண்டேகாலுக்குக் கிளம்பியாக வேண்டும் என்ற நிபந்தனையோடு. கத்தாமல் கேட்டிருந்தால் இருபது நிமிஷம் மிச்சமாகியிருக்கும்.

கொட்டகை மூலையில் பைகள் குவிந்து கிடந்தன. ஐம்பத்து நாலு எண்ணினேன். சுடலைமுத்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு பையை எடுத்து, எண்ணெய் தடவி, கசக்கி, கழுத்தில் வாயை வைத்து ஊதினார். ஆடு மறுபடி உருவம் எடுத்து எழுந்தது. கழுத்தை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆட்டின் கால் இருந்த இடத்துத் தையல் ஒவ்வொன்றையும் காதோரம் வைத்துக் கேட்டார். காற்று கசிந்தால் சத்தம் வருமாம். நல்லதை வலப்பக்கம் வைத்தார். கெட்டதை இடப்பக்கம் எறிந்தார். அவர் ஊத ஊத நான் எடுத்துக் கொடுத்தேன். நாற்பது பை பார்த்ததில் ஒன்பது கழிந்தது.

மணி இரண்டு பத்து. வெளியே லாரி என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் பதினாலு பை பாக்கி.

"பெரியவரே, ஊதினது போறும். அப்படியே ஏத்திடலாம்."

"கொஞ்சம் பொறுங்க சாமி. இதையும் பாத்துருதேன்."

"கப்பல் போயிடும்! கப்பல் போயிட்டா அத்தனையும் வீண்!"

அவர் கையிலிருந்த பையைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். பதினாலையும் வாரி நானே லாரியில் போட்டேன். அவரும் ஏறி உட்கார்ந்தார். சார்ஜெண்ட் போகிற போக்கில் இரண்டு தார்ப்பாயையும் தூக்கி உள்ளே போட்டார்.

செம்பூரிலிருந்து துறைமுகம் பத்து மைல். மூன்று மணி ஐந்து நிமிஷத்துக்கே போய்விட்டோம். ஆக, நாற்பது நிமிஷம் கையில் மிச்சம் இருந்தது. அப்போது ஒன்றும் தோன்றவில்லை. ஜெயித்துவிட்ட குஷியில் இருந்தேன். கைவண்டியில் வந்ததோடு சேர்த்து அறுபத்தெட்டுப் பைகளையும் பார்த்து முராத் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஐந்து மணிக்குக் கப்பல் நகர்ந்தது.

கப்பல் பதின்மூன்றாம் நாள் திரும்பியது. முராத் என் மேஜைக்கு வந்தார். மனைவியும் பையன்களும் மேட்டில் ஒரு கூடாரத்தில் உயிரோடு இருந்தார்கள். தாயார் இல்லை. பைகள் எப்படி என்று நானாகத்தான் கேட்டேன். அலையில் மிதந்து போயின, அவைதான் உயிரைக் காப்பாற்றின என்றார். "ரெண்டுதான் கரையில வச்சு கிழிஞ்சிடுச்சு. ராணுவ முத்திரை போட்டது. கால் தையல் விட்டுப்போச்சு" என்றார். அதோடு விட்டிருக்கலாம். பிள்ளைகளோடு வரிசையில் நின்ற பெண்கள் ஓடிவந்து, தண்ணீர் சிந்திய மணலை முந்தானையில் அள்ளி, பிழிந்து பிழிந்து பிள்ளைகள் வாயில் விட்டார்கள் என்பதையும் சொன்னார். குற்றம் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார்.

சுடலைமுத்து ஊதிப் பார்த்த பை ஒன்று இரண்டு போயிருக்கலாம், நான் வாரிப் போட்டதாகவே இருக்க வேண்டியதில்லை என்று டிராமில் வழி முழுக்க எனக்கு நானே வாதாடிக்கொண்டு போனேன். தாராவிக்குள் நுழையும்போது வாதம் தீர்ந்துவிட்டது.

சுடலைமுத்துவிடம் எல்லாம் சொன்னேன். முராத்தின் வீட்டார் பிழைத்ததற்கு அவர் முகம் மலர்ந்தது. இரண்டு பை கிழிந்தது என்றதும் அப்படியே சுருங்கிவிட்டது.

"எங் கைத் தையலு சாமி. ரெண்டு பைத் தண்ணி. எத்தன பிள்ளைக்கு ஆயிருக்கும்?"

"உங்க கை இல்லை பெரியவரே. நீங்க பாக்கறேன்னுதான் சொன்னேள். நான்தான் விடலை. நேரம்கூட இருந்தது."

இல்லை என்றோ, போகட்டும் என்றோ அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பக்கத்தில் இரண்டாவது கப்பலுக்குத் தைத்த பைகள் குவிந்திருந்தன. அதிலிருந்து ஒன்றை எடுத்து, அதன் கழுத்தை வேட்டியில் துடைத்து, என் மடியில் வைத்தார்.

"அப்பம் உக்காருங்க. ஊதுங்க."

உட்கார்ந்தேன். ஊதினேன். முதல் பைக்கே தலை சுற்றியது.

வரப்போகிறவர்களுக்கு: குடம், புடவை, ஊறுகாய் எதுவும் கொண்டுவர வேண்டாம். என்ன வேண்டும் என்று முராத் சொன்ன பட்டியல் என்னிடம் இருக்கிறது, முதலில் அதை வாங்கிப் பாருங்கள். துறைமுகத்துக்கு மூன்று மணிக்குள் சாமான் வரட்டும். செம்பூர் டிப்போவைக் கலைத்துவிட்டார்கள், வீணாகப் போகாதீர்கள். தாராவியில் தினமும் காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை பைகளை ஊதிப் பார்க்க ஆள் வேண்டும். நெஞ்சில் வலு உள்ளவர்கள் வாருங்கள், நான் அங்கேதான் இருப்பேன். நான்கு கால் தையலும் காதில் வைத்துக் கேட்க ஒரு பைக்குப் பத்து நிமிஷம் பிடிக்கிறது. அதற்குமுன் யாரையும் அடுத்த பையைத் தொட நான் விடுவதில்லை.