பின்னறையில் ஓடிய இயந்திரம்

சின்யோராவின் வீட்டில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது பின்னறை காலியாக இருந்தது. பழைய தையல் மேசை ஒன்றும், குளிர்காலப் போர்வைகள் கட்டிய இரண்டு மூட்டைகளும் மட்டும் அங்கே கிடந்தன. நான் அங்கே துணி மடிப்பேன், வேலைக்கிடையில் பத்து நிமிடம் காலை நீட்டி இருப்பேன்.

இத்தாலியில், லிபெர்த்தா வீதியில் நான்காம் மாடி வீடு அது. வீட்டுக்கார அம்மாவை நான் சின்யோரா என்றே அழைப்பேன்; அவருக்கு எண்பத்து மூன்று வயது. முன்பு மருந்துக்கடை வைத்திருந்தவர். நுரையீரல் பழுதாகிப் போனதால் எந்நேரமும் மூக்கில் ஒரு மெல்லிய குழாய் இருக்கும். கட்டிலருகே நின்ற கருவி, அறைக் காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்து அந்தக் குழாய்க்கு அனுப்பும். அது மின்சாரத்தில் ஓடுவது. மின்சாரம் போனால் கூவி எழுப்பும். அப்போது குழாயைக் கழற்றிச் சுவரோரம் நிற்கும் சிறிய சிலிண்டரில் மாட்ட வேண்டும். கிழமைக்கொரு முறை வரும் தாதி இதை எனக்கு மூன்று தடவை செய்து காட்டி, மூன்று தடவை என்னைச் செய்யச் சொல்லிப் பார்த்தாள். ஒட்சிசன் உள்ள வீட்டில் ஒரு தீப்பொறியும் கூடாது என்றும் சொன்னாள். மாதா படத்துக்கு முன்னால் எரிந்த மெழுகுதிரியைக்கூட அன்றே எடுத்துவிட்டோம்.

நான் வன்னியிலிருந்து போனவள். கணவர் மொண்டெல்லோ கடற்கரையில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். கோடையில் மட்டும்தான் அவருக்கு முழுநேர வேலை. குளிர்காலத்தில் என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. என்னுடைய பெர்மெசோவும், அதாவது அங்கே தங்கி வேலை செய்யும் அனுமதியும், சின்யோராவின் வீட்டு வேலை ஒப்பந்தத்தை வைத்தே புதுப்பிக்கப்பட வேண்டியது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர் சின்யோராவின் மகன். அவரை நான் தொத்தோரே என்று அழைப்பேன். மருத்துவர் அல்ல, பொலிதேயாமா சதுக்கத்தில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இருந்தார். படித்தவர்களை அப்படி அழைப்பது அந்த ஊர் வழக்கம்.

இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டு வசந்தத்தில் அவர் இரண்டு பெட்டிகளோடு வந்தார். ஒரு ஞாயிறு முழுக்கப் பின்னறையில் இருந்து எதையோ பொருத்திப் பூட்டினார். மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது தையல் மேசைமேல் ஓர் அலுமினியச் சட்டம். அதில் ஆறு கிராபிக்ஸ் கார்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் இரண்டு சிறு விசிறிகள். கீழே ஒரு பலகையில் வயர்கள் சுருண்டு கிடந்தன. கம்பியூட்டர் தானாகவே கணக்குப் போட்டு இணையத்தில் ஒரு வகைக் காசு சம்பாதிக்கும் என்று அவர் விளக்கினார். பிட்கொயின் போன்ற ஒன்று. எனக்கு அது முழுதாக விளங்கவில்லை. எனக்கு அவர் இட்ட வேலை விளங்கியது: கதவைத் திறந்து பார்க்க வேண்டும், சிறு திரையில் தெரியும் வெப்பத்தைப் பார்த்து அவருக்கு அனுப்ப வேண்டும், எதையும் நிற்பாட்டக் கூடாது.

அறுபத்தைந்து பாகை என்றால் நல்லது. எழுபத்தைந்து என்றால் சன்னலில் பூட்டிய பெரிய விசிறியைக் கூட்ட வேண்டும். எண்பத்தைந்து என்றால் உடனே அவருக்கு அழைக்க வேண்டும். நான் இதை ஒரு துண்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தேன், சின்யோராவின் மாத்திரைப் பட்டியலுக்குப் பக்கத்தில்.

முதல் மாதம் பெரிய தொந்தரவில்லை. பிறகு அவர் ஓவர்கிளாக் செய்யத் தொடங்கினார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன். கம்பனி வைத்த வேகத்துக்கு மேலாகக் கார்டுகளை ஓட வைப்பது. வேகம் கூடினால் காசு கூடும், சூடும் கூடும். இதை அவர் அலுவலகத்தில் இருந்தபடியே தன் மடிக்கணினியில் செய்வார். எனக்கு முன்கூட்டிச் சொல்லமாட்டார். நான் சின்யோராவுக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருப்பேன், பின்னறையில் பன்னிரண்டு விசிறிகளும் ஒன்றாகக் குரலை உயர்த்தும்.

அந்தச் சத்தம் எனக்குக் கூடாத சத்தம். வன்னியில் போரின் கடைசி மாதங்களில் வேவு விமானம் தலைக்கு மேலே சுற்றும். அதை நாங்கள் வண்டு என்போம். வண்டு இரைந்தால் பிறகு எறிகணை விழும். எத்தனை வருடம் கழிந்தும் என் உடம்பு அதை மறக்கவில்லை. விசிறிகள் ஏறும்போது கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுச் சன்னலால் வானத்தைப் பார்ப்பேன். சின்யோரா சூப்புக்குக் காத்திருப்பார்.

கணவருக்குச் சொன்னேன். அவருக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் அறிவு உண்டு. உணவகத்தில் இரண்டு பெடியன்கள் எந்நேரமும் இதைத்தான் கதைப்பார்களாம்.

"வயர் சுடுதோ எண்டு தொட்டுப் பார். கார்ட் சுட்டாப் பரவாயில்லை, வயர் சுடக்கூடாது" என்றார்.

மறுநாள் தொட்டுப் பார்த்தேன். கார்டுகளுக்குப் போகும் வயர்கள் இளஞ்சூடாக இருந்தன. ஒரு பிளக் மட்டும் மற்றவற்றைவிடச் சூடு. தொத்தோரேயிடம் சொன்னேன். அவர் சிரித்து, நீ நன்றாகக் கவனிக்கிறாய் என்றார். பிறகு பார்க்கிறேன் என்றார். பார்க்கவில்லை. நானும் இரண்டாம் முறை சொல்லவில்லை. செப்டம்பரில் பெர்மெசோ முடிகிறது. அதைப் புதுப்பிக்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவுக்குக் கொண்டுபோக அவருடைய கடிதம் வேண்டும்.

யூலையில் ஷிரொக்கோ வந்தது. ஆபிரிக்காப் பக்கமிருந்து அடிக்கும் அந்தக் காற்று, சூளையின் வாயைத் திறந்தது போல இருக்கும். செம்மண் தூள் கொண்டுவந்து எல்லாவற்றிலும் பூசும். காலையில் துடைத்த சன்னல் விளிம்பில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். கார்டுகளின் விசிறி இதழ்களிலும் அந்தத் தூள் ஒட்டிக்கொண்டது. நான் பெயின்ற் அடிக்கும் சிறு தூரிகையால் அதைத் தட்டிவிடுவேன். வெளியே நாற்பதுக்கு மேல். வெளிக்காற்றை இழுக்கும் சன்னல் விசிறியால் ஒரு பிரயோசனமும் இல்லை. தொத்தோரே ஒரு சிறிய குளிரூட்டியைக் கொண்டுவந்து பின்னறையில் வைத்தார். அதன் வெள்ளிக் குழாயைச் சன்னலால் வெளியே விட்டார்.

அந்த வீட்டு மின்மானி மூன்று கிலோவாட் மட்டும் தரும். அதற்கு மேல் இழுத்தால் அதன் ஆளி தானாக விழுந்து மின்சாரம் நின்றுவிடும். விழுந்தால் நிலத்தளத்துக்கு இறங்கிப்போய் அலுமாரியைத் திறந்து தூக்கிவிட வேண்டும். ஆகவே இயந்திரமும், பின்னறையிலும் சின்யோராவின் அறையிலும் இருந்த இரண்டு குளிரூட்டிகளும் ஒன்றாக ஓட முடியாது. பின்னறைக்குக் குளிர் போட்டால் சின்யோராவின் அறைக்குப் போட முடியாது.

அன்று பன்னிரண்டு மணிக்குத் தொத்தோரே அழைத்தார். திரையில் என்ன காட்டுகிறது என்று கேட்டார். எண்பத்திரண்டு என்றேன். இன்றைக்கு அந்தக் காசின் விலை நன்றாக ஏறுகிறது, இரண்டு மணித்தியாலத்துக்கு மட்டும் அம்மாவின் குளிரூட்டியை நிற்பாட்டிப் பின்னறையில் போடு, அம்மாவுக்கு மேசை விசிறி காணும் என்றார்.

எனக்கு அது பிழை என்று தெரிந்தது. அந்த நேரமே தெரிந்தது. ஆனாலும் ஓம் என்றேன். சின்யோராவின் குளிரூட்டியை நிற்பாட்டினேன். மரச் சன்னல்களைச் சாத்தி, ஈரத்துணியை அவர் நெற்றியில் போட்டு, மேசை விசிறியைக் கால்பக்கம் வைத்தேன். ஏன் என்று அவர் கேட்டார். கொஞ்ச நேரம்தான் என்றேன். மகன் சொன்னதாகச் சொல்லவில்லை.

ஒரு மணியாகும்போது அவர் மூச்சு மாறிவிட்டது. தோள் ஏறி இறங்கியது. இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியை மாட்டினேன். வழக்கமாகத் தொண்ணூற்றிரண்டு காட்டுவது எண்பத்தேழு காட்டியது. அதே நேரத்தில் பின்னறையில் விசிறிகள் ஏறின. தொத்தோரே இன்னும் வேகத்தைக் கூட்டியிருக்கிறார். வீடு முழுக்க அந்த இரைச்சல்.

இதற்கு மேல் யோசிக்காமல் சின்யோராவின் குளிரூட்டியைப் போட்டேன்.

இரைச்சல் நின்றது. எல்லாமே நின்றது. மின்மானி விழுந்துவிட்டது. ஒரு கணம் அமைதி, பிறகு ஒட்சிசன் கருவி கூவத் தொடங்கியது. தாதி காட்டித் தந்தபடி குழாயைக் கழற்றிச் சிலிண்டரில் மாட்டினேன். மூன்று தடவை பழகியது, ஆனால் அன்று திருகு எந்தப் பக்கம் திரும்பும் என்பது மறந்துபோனது. கடைசியில் சீறல் கேட்டது. குளிரூட்டியின் ஆளியை அணைத்துவிட்டு, இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படிகளில் ஓடினேன். லிப்டில் ஏறப் பயமாக இருந்தது. மத்தியானத்தில் அந்தக் கட்டடம் ஒரு சத்தமும் இல்லாமல் இருக்கும். காவலாளியும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். நான்கு மாடியும் இறங்கும்போது எனக்குள் ஓடியது ஒன்றுதான்: இந்தக் கிழவி அங்கே தனியே செத்துப்போனால் நான் என்ன பதில் சொல்வேன்.

மின்மானியைத் தூக்கிவிட்டு மேலே வந்தேன். மின்சாரம் வந்தவுடன் இயந்திரம் தானாகவே எழும்பிவிட்டிருந்தது. வீட்டு நடைக்குள் கால் வைத்தபோதே மணம் வந்தது. பிளாஸ்ரிக் கருகும் மணம்.

பின்னறைக் கதவைத் திறந்தேன். ஒரு பிளக்கிலிருந்து மெல்லிய புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. அதன் வெள்ளைப் பிளாஸ்ரிக் மண்ணிறமாகி, உருகி, கீழே பலகையில் சொட்டியிருந்தது. நான் தொட்டுப் பார்த்த அதே பிளக். பத்து அடிக்கு அப்பால் சின்யோராவின் அறையில் சிலிண்டர் திறந்தபடி சீறிக்கொண்டிருந்தது.

மின்சாரத்தை வெட்டாமல் புகை நிற்காது; வெட்டிவிட்டுச் சிலிண்டரையும் மூடினால் அவருக்கு மூச்சு இல்லை. திறந்திருந்தால், ஒரு பொறி பட்டால், அந்த மாடியே போய்விடும். கதவடியிலேயே நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று எனக்குத் தெரியாது. சின்யோரா இருமியதுதான் என்னை அசைத்தது. அவர் அறைக் கதவை இழுத்துச் சாத்தினேன். வாசலுக்கு ஓடி, வீட்டுக்குள் இருந்த பிரதான ஆளியைக் கீழே தள்ளினேன். மறுபடி எல்லாம் நின்றது. அடுப்புத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு போய் இயந்திரத்தின் பெரிய பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். பலகையில் ஒரு புள்ளி சிவப்பாக இருந்தது. ஈரத்துணியை அதன்மேல் போட்டு அழுத்தி, நூறு வரைக்கும் எண்ணினேன். எடுத்துப் பார்த்தபோது கறுத்திருந்தது.

பிறகுதான் பிரதான ஆளியைத் தூக்கினேன். ஒட்சிசன் கருவி ஓடத் தொடங்கியது. குழாயைத் திரும்ப மாற்றி, சிலிண்டரை மூடி, குளிரூட்டியைப் போட்டேன். கட்டில் விளிம்பில் இருந்து சின்யோராவின் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எண்பத்தெட்டு. எண்பத்தெட்டு. எண்பத்தொன்பது.

தொலைபேசி அடித்தது. இயந்திரம் நின்றுவிட்டதைத் தொத்தோரே அங்கிருந்தே கண்டுவிட்டார்.

"நீ எதை நிப்பாட்டினாய்?"

"மெசினை நிப்பாட்டினனான், தொத்தோரே."

"உடனே திருப்பிப் போடு."

"போடமாட்டன்" என்றேன். இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லை அவரிடம் நான் அதுவரை சொன்னதில்லை. புகை வந்தது என்று சொல்ல முதலே அவர் வைத்துவிட்டார்.

பொலிதேயாமாவிலிருந்து ஸ்கூட்டரில் வர அதிக நேரம் எடுக்காது. அந்த நேரம் முழுக்க என் மனதில் ஓடியது செப்டம்பர்தான். வேறு வீடு கிடைக்குமா, குவெஸ்தூராவில் என்ன சொல்வேன், கணவரின் கோடைகால ஒப்பந்தத்தில் எனக்கும் கடதாசி எடுக்கலாமா. சின்யோரா தூங்கிவிட்டார். விரலில் தொண்ணூற்றொன்று.

தொத்தோரே கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நேரே பின்னறைக்குப் போனார். கத்துவார் என்று நான் சமையலறையில் சுவரோடு நின்றேன். சத்தம் வரவில்லை. கன நேரத்துக்குப் பிறகு எட்டிப் பார்த்தேன். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் தரையில் இருந்தார். உருகிய பிளக் கையில் இருந்தது. பலகையின் கருகிய இடத்தை மற்றக் கையின் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"சிலிண்டர் திறந்திருந்ததோ?" என்று கேட்டார்.

"ஓம்."

அவர் பிளக்கைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார். முகம் கழுவிக்கொண்டு வந்து, அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்றார். ஆனால் சின்யோராவின் காது நல்ல காது. அவர் கட்டிலில் இருந்தபடியே மகனைக் கூப்பிட்டு, அந்தச் சாமானை இன்றைக்கே என் வீட்டை விட்டு எடு என்றார். அவர் குரல் அவ்வளவு உரத்து நான் கேட்டதில்லை. தொத்தோரே நல்ல வயர் போட்டு, வேகத்தைக் குறைத்து ஓட்டலாம் என்று சொல்லத் தொடங்கினார். சின்யோரா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் இரண்டு பேர் வந்து எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போனார்கள். நகருக்கு வெளியே ஒரு சிநேகிதரின் கராச்சில் வைத்ததாகக் கேள்வி. அடுத்த குளிர்காலத்தில் விலை விழுந்தபோது கார்டுகளை ஒவ்வொன்றாக விற்றாராம்.

என்னை வேலையால் நிற்பாட்டவில்லை. செப்டம்பரில் கடிதம் தந்தார். தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகு நான் ஏதாவது சொன்னால் உடனே செய்துவிடுவார். ஒரு பல்ப் மாற்ற வேண்டும் என்றாலும் அன்றைக்கே வருவார். என்னைக் கண்டால் அவருக்கு ஒரு பயம் வந்துவிட்டது போல இருந்தது. எனக்கு அது நல்லதாகப் படவில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை சின்யோராவின் தலையை வாரிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நீ பயந்தாயா என்று அவர் கேட்டார். ஓம் என்றேன். எதற்கு என்று கேட்டார். நெருப்புக்கு என்றேன். அவர் தலையாட்டினார்.

அது முழு உண்மை அல்ல. பன்னிரண்டு மணிக்கு அவருடைய குளிரூட்டியை நிற்பாட்டியபோதே நான் பயந்திருந்தேன். அப்போது நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. வேலை போய்விடும் என்ற பயம் மட்டும்தான். அந்தப் பயத்தில் ஒரு மணித்தியாலம் அவரை மூச்சு முட்ட வைத்திருந்தேன். சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் தலையில் முடி மிகவும் மெல்லியது, சீப்பு இழுத்தால் நோகும். நான் மெதுவாக வாரி முடித்து, பின்னலைக் கட்டி, கண்ணாடியை எடுத்து அவர் முன்னால் பிடித்தேன்.