எலிசாள் தோண்டிய எர்த்துக் குழி

சாலைக் கடைத்தெருவில் டிவி, ரேடியோ பழுதுபார்க்கும் கடையொன்றில் எலிசாளுக்கு வேலை. மார்த்தாண்டத்துக்காரி, ஐடிஐ படித்தவள். 1998-இல் வயது முப்பத்தாறு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அவளைப் பார்த்ததும், மெக்கானிக் எங்கே என்று கேட்பார்கள். நான்தான் என்று சொல்லிச் சொல்லியே அவள் முகம் கடுத்துப்போயிருந்தது.

அந்த வருஷம் பக்கத்து வீட்டு ஓமனா சேச்சிக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுத்தாள். கடையில் வைத்துப் பார்த்தபோது பாட்டு சுத்தமாகக் கேட்டது. ஓமனா வீட்டில் செருகியதும் அடியில் விடாத ஓர் இரைச்சல். பெண்பிள்ளை செய்த பணி இப்படித்தான் இருக்கும் என்று ஓமனாவின் கணவர் சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது. எலிசாள் அன்று சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டாள்.

பெரிய கப்பாசிட்டர் போட்டாள். டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்தாள். வயரெல்லாம் மாற்றினாள். எதற்கும் இரைச்சல் அடங்கவில்லை. மூன்றாம் நாள், தற்செயலாகப் பெட்டியின் தகரத்தில் உள்ளங்கை பட்டபோது இரைச்சல் தணிந்தது. எடுத்ததும் திரும்ப வந்தது. விரல் நுனியில் லேசாகச் சுருக்கென்றது.

ஒரு பல்பில் இரண்டு வயர் கட்டி, ஓமனா வீட்டுப் பிளக்கில் ஒன்றைக் கரண்டு வரும் துளையிலும் மற்றதை எர்த்துத் துளையிலும் வைத்தாள். எரியவில்லை. சுவிட்சுப் பலகையைக் கழற்றினால், மண்ணுக்குப் போகவேண்டிய பச்சை வயர் உள்ளேயே சுருட்டிக் கிடந்தது. தன் வீட்டில் பார்த்தாள், அங்கேயும் அப்படித்தான். வரிசையாக ஆறு வீடு. மீட்டர் பெட்டியிலிருந்து ஒரு கம்பிகூடக் கீழே இறங்கவில்லை.

கிரைண்டரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று ஓமனா ஆறு மாதமாகச் சொல்லிவந்தாள். செருப்புப் போட்டுக்கொண்டு மாவாட்டச் சொன்னவர், ஆறு வீட்டையும் வாடகைக்கு விட்டிருந்த சிவதாணு.

எலிசாள் நேரே அவரிடம் போனாள். அவர் பேப்பரிலிருந்து தலையெடுக்கவில்லை.

"பாட்டுப்பெட்டி இரையுதுன்னா என் வீட்டையா குறை சொல்லுவ?"

"பாட்டு கிடக்கட்டும் அண்ணாச்சி. பச்சை வயரு எங்க போவுது? அத மட்டும் சொல்லுங்க."

எல்லாம் படித்த ஆள் போட்ட வயரிங், உனக்கென்ன தெரியும் என்றார் அவர். எலிசாள் திரும்பி நடந்தாள்.

மற்ற வீடுகளில் குடியிருந்தவர்களைக் கூப்பிட்டாள். காலிபண்ணச் சொல்லிவிடுவார் என்று நாலு வீடு கதவைச் சாத்திக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூடப் போகாமல், கிணற்றடியில் அவளும் ஓமனாவும் ஆளுயரத்துக்குமேல் குழி தோண்டினார்கள். இரும்புக் குழாயை இறக்கி, கரியும் உப்பும் மாறி மாறி இட்டு, தண்ணீர் ஊற்றி மூடினார்கள். சிவதாணு வந்து நின்று, மாதம் முடியுமுன் வீட்டைவிட்டு இறங்கிவிடு என்றார். அவள் ஆறு வீட்டுக்கும் கம்பி இழுத்தாள். கதவைச் சாத்தியவர்கள் வீட்டுக்கும்.

ஓமனாவின் பெட்டியில் இரைச்சல் நின்றது. கிரைண்டரும் பிறகு கடிக்கவில்லை.

எலிசாள் கரமனைக்குக் குடிமாறினாள். இரண்டு மாதம் கழித்துக் கடைக்கு வந்த ஓமனா ஒரு சேதி சொன்னாள். வீடு பார்க்க வருகிறவர்களைச் சிவதாணு கிணற்றடிக்குக் கூட்டிப்போய், ஆறு வீட்டுக்கும் தானே எர்த்துப் போட்டிருப்பதாகக் காட்டுகிறாராம். எலிசாள் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தாள். ஐந்து நிமிஷம் எந்தப் பெட்டியையும் அவளால் தொட முடியவில்லை.