தேர் அன்றைக்குப் போட்ட கையெழுத்து

போடியில் எங்கள் ஏலக்காய் கம்பெனிக்கு, ஏற்றுமதி சர்டிபிகேட்டுக்காகச் சுத்தம் பார்க்க ஆடிட் வருகிறது என்றாலே எனக்குக் குமட்டும். முந்தின நாள்தான் தரையைக் கழுவுவார்கள். காய் பொறுக்கும் பெண்களுக்கு அன்று ஒரு நாள் மட்டும் தலையுறை கிடைக்கும். ஆடிட்டர் கார் ஏறியதும் அதைத் திரும்ப வாங்கி மடித்து வைத்துவிடுவார்கள். நாலு பேர் வாயில் போகிற காய் இது, தூ.

இந்த அசிங்கத்துக்குள் பதினொரு வருடம் வேலை பார்த்தவள் பொன்னுமணி. சிலமலைக்காரி. காய் பொறுக்க வந்து, தரம் பார்க்கும் சூப்பர்வைசர் ஆனவள். ஆடிட்டர் கேட்டதற்குப் பதில் சொல்வாள். தெரியாததைத் தெரியாது என்பாள். குறை இருந்தால் அதையும் தானே காட்டி, என்ன செய்தோம் என்பாள். ஏற்றுமதி நிலைத்ததே அதனால்தான். முதலாளி சீனிச்சாமியோ, எல்லாம் ஆடிட்டர்களுக்குத் தான் போட்ட பிரியாணியால் என்று நம்பினார்.

போன வருடம் ஒன்பது மூட்டையில் எலிப்புழுக்கை கிடந்தது. பொன்னுமணி சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கி, ரெஜிஸ்தரிலும் எழுதினாள். ஆடிட்டுக்கு முதல் நாள் அவள் வீட்டுக்குப் போனதும் முதலாளி அந்த ரெஜிஸ்தரைக் கிழித்தார். அட்டைகளை அறுத்து, மூட்டைகளை ஜீப்பு ஷெட்டில் தள்ளினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற புத்தி. புது ரெஜிஸ்தரில் முந்தின அறுபது நாளைக்கும் ‘சுத்தம் செய்தாயிற்று’ என்று நிரப்பி, நாளுக்கொரு பொன்னுமணி கையெழுத்தும் போட்டவன் குமாஸ்தாவான நான்தான்.

மறுநாள் வந்த ஆடிட்டர் அம்மா நிதானமாகப் புரட்டினார்.

“எல்லாம் உங்க கையெழுத்தாம்மா?”

அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் வேலை நிலைக்கும். பொன்னுமணி ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

“இல்லைங்க மேடம். இந்தத் தேதிய பாருங்க. அன்னிக்கு வீரபாண்டித் தேரு. கம்பெனியே பூட்டிக் கெடந்துச்சு.”

“அப்போ நீங்க எழுதினது எங்கே?”

“காணோம்ங்க. ஒம்பது மூட்டைய ஒதுக்கினது அதுலதான் இருந்துச்சு. மூட்டையவும் எடத்துல காணோம். காலையில தேடிப் பாத்தேன், ஜீப்பு ஷெட்டுல கெடக்கு. வாங்க, காட்டுறேன்.”

ஆடிட்டர் மூட்டைகளை அவிழ்த்துப் பார்த்தார். அவற்றை அழிக்கச் சொன்னார். “இந்தம்மா இருக்கிற நம்பிக்கையிலதான் ஒரு மாசம் டயம் தர்றேன். இல்லேன்னா இன்னிக்கே சர்டிபிகேட் ரத்துதான்” என்று முதலாளியிடம் சொன்னார்.

“எதையும் மறைக்காதன்னு நான்தான் மேடம் சொல்லி வச்சேன்” என்றார் சீனிச்சாமி, கூசாமல். புழுக்கை நாற்றமே தேவலை.

கார் தெரு முனை திரும்பியதும் பொன்னுமணியைப் பழையபடி காய் பொறுக்க உட்காரவைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“இனிமே தரம் பாக்குற சோலி ஒனக்குத்தான் அப்பு. கையெழுத்து நல்லாப் போடுற.”

முகத்திலேயே காறித் துப்பியிருக்க வேண்டும். “சரிங்கய்யா” என்றேன்.