ரோலர் டெர்பியில் தொட்டுக் கும்பிட்டவள்

போன கோடையில், கனடாவின் மொன்றியல் துறைமுகத்துக்குக் கிட்ட, பனித்தளத்தை உருக்கி எடுத்துவிட்ட ஒரு ஹொக்கி அரங்கில் நடந்தது இது. அன்றுதான் எனக்கு முதல் ரோலர் டெர்பி ஆட்டம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரோலர் ஸ்கேட் என்கிற சில்லுச் சப்பாத்துப் போட்ட பெண்கள், அணிக்கு ஐந்து பேராக, நீள்வட்டத் தடத்தில் ஓடுவார்கள். தலைக்கவசத்தில் நட்சத்திரம் போட்டவள் எதிரணியில் எத்தனை பேரைத் தாண்டுகிறாளோ அத்தனை புள்ளி. மற்ற நால்வரின் வேலை, எதிரணி நட்சத்திரக்காரியைத் தோளாலும் இடுப்பாலும் இடித்து மறிப்பது. ஒரு காலத்தில் அமெரிக்காவில் காசுக்குக் காட்டிய வேடிக்கையாம். இப்போது தரையில் கோடு ஒட்டுவது முதல் வாசலில் டிக்கெட் கிழிப்பது வரை விளையாடும் பெண்களே செய்கிறார்கள்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், கார்தெரி என்கிற பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் குழந்தைகளைப் பார்க்கிற வேலை. கூட வேலை செய்யும் ஒருத்திதான் பயிற்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள், பிடித்துப்போய்விட்டது. "உனக்கென்ன விசரே? பல்லுக் கில்லு உடைஞ்சா ஆர் பாக்கிறது?" என்றார் என் கணவர். நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பயிற்சி நேரத்தில் மட்டும்தான் நான் யாருக்கும் அம்மாவாகவோ மருமகளாகவோ இல்லாமல் இருந்தேன். ஆனால் அணியில் நிரந்தர இடம் தருவதா இல்லையா என்பதை இந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்று தலைவி சொல்லிவிட்டாள்.

கடைசிச் சுற்று. ஒரே ஒரு புள்ளியால் நாங்கள் முன்னுக்கு. எதிரணி நட்சத்திரக்காரி என் முதுகில் முட்டிக்கொண்டு நிற்கிறாள். நான் விட்டால் போச்சு. அந்த நேரம் பார்த்து, எதிரணியின் இன்னொருத்தி எனக்கு முன்னால் சறுக்கி விழுந்தாள். என் அக்காவின் வயதிருக்கும். விலக முடியவில்லை. என் சில்லுச் சப்பாத்து அவள் காலில் பட்டுவிட்டது.

பயிற்சியில் தோள் பட்டிருக்கிறது, இடுப்பு பட்டிருக்கிறது. ஒருவர் மேலும் கால் பட்டதில்லை. அவ்வளவுதான், கை தன்பாட்டில் கீழே போனது. குனிந்து அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றப் போனேன். தலைக்கவசத்தில் டக்கென்று கை அடித்தபோதுதான் எங்கே நிற்கிறேன் என்ற நினைவே வந்தது. அதற்குள் நட்சத்திரக்காரி நான் விட்ட இடைவெளியால் என்னையும் எங்கள் அணியில் இன்னும் இருவரையும் தாண்டிப் பறந்துவிட்டாள். விசில் ஊதினார்கள். தோற்றுப்போனோம்.

ஐயோ, அந்த வெட்கத்தை என்னவென்று சொல்ல! அந்த அரங்கு முழுவதிலும் நான் செய்தது விளங்கிய ஒரே ஆள் என் கணவர். முன் வரிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கற்பூரமும் கொண்டந்திருக்கலாமெல்லே!" என்று கத்தவும் செய்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் வரிசையாக வந்து ஒருவர் கையில் ஒருவர் தட்டிக்கொள்வது வழக்கம். விழுந்த பெண் எனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். ஏன் காலைத் தொட்டாய் என்று பிரெஞ்சில் கேட்டாள். எங்கள் ஆட்கள் கால் பட்டால் அப்படித்தான் மன்னிப்புக் கேட்போம், அது யோசித்துச் செய்வதில்லை என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். எத்தனையோ பேர் தன்னை மிதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஒருத்திகூடத் திரும்பிப் பார்த்ததில்லை என்றாள். அடுத்த முறை உன்னைக் கட்டாயம் விழுத்துவேன் என்றும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பிறகு தலைவி கூப்பிட்டாள். அணிச் சட்டையைக் கழற்றித் தா என்று சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான், மறைக்கவில்லை. உன்னால்தான் தோற்றோம் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். ஆனால் அதுவரை அந்த நட்சத்திரக்காரியை அசையவிடாமல் மறித்ததும் நீதான், அதனால் இடம் உனக்குத்தான் என்றாள். மன்னிப்புக் கேட்பதென்றால் விசில் ஊதின பிறகு கேள் என்று கட்டளையும் போட்டாள்.

இந்த விளையாட்டில் இடம் கிடைத்தவளுக்கு முதுகில் எழுத ஒரு பட்டப்பெயர் உண்டு. எனக்கு அங்கேயே வைத்துவிட்டார்கள்: 'பார்தோன்'. பிரெஞ்சில் மன்னிக்கவும். இப்போது என்னிடம் இடி வாங்கி விழுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தால் முதலில் வாசிப்பது அதைத்தான்.

பணிவாக இருக்கிறவளும் பலமாக இடிக்கிறவளும் வேறு வேறு பெண்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். இரண்டும் நான்தான் என்பதை, வீட்டில் யாருக்காவது 'ஏலாது' என்று சொல்ல வேண்டி வரும்போதெல்லாம் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.