கொடியையே பார்த்துக்கொண்டிருந்தோம்

அனுப்பம்பட்டு ஸ்டேஷனை ஒட்டிய காலி மனையில் போன வாரம் ஒருவர் மெஷின் வைத்துப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். பெட்ரோலும் பச்சைப் புல்லும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும், ரயிலை விட்டாலும் பரவாயில்லை என்று அவரிடம் போய், எதற்கு வெட்டுகிறீர்கள், யார் வெட்டச் சொன்னது என்று விசாரித்தேன். பாம்பு வருகிறதாம், அதற்காகத்தானாம். நான் நம்பவில்லை. யாராவது புல்லை அழகாக வெட்டினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஏனென்று சொல்கிறேன், கேளுங்கள்.

படிப்பு முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை, புல் பிடுங்குவது. சிரிக்காதீர்கள், யூனிஃபார்ம் எல்லாம் உண்டு. ஆரம்பாக்கத்துப் பக்கம் ஏரிக்கரையில் இருந்த எங்கள் குப்பத்தை ஒட்டி ஒரு ரிசார்ட் வந்தது. அதற்கு ஒரு கோல்ஃப் மைதானமும் போட்டார்கள். தை பிறந்தால் சீசன், மெட்ராஸிலிருந்து கார்கள் வரும். மழை விட்டதும் பெண்கள் நாங்கள் வரிசையாகக் குந்தி நகர்ந்தபடி கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுப்போம். பிறகு சலித்த மணலைத் தூவித் துடைப்பத்தால் பரப்புவோம். பந்து விழும் குழியைச் சுற்றிய புல் மட்டும் ஒட்ட வெட்டியிருக்கும். காலையில் பழைய குழியை மூடி, வேறிடத்தில் புதுக்குழி வெட்டி, சிவப்புக் கொடியை மாற்றி நடுவார்கள். ஒரே இடத்தில் மிதிபட்டால் புல் செத்துவிடும், அவ்வளவுதான் காரணம்.

இதை அம்மாவுக்குப் புரியவைக்க என்னால் கடைசிவரை முடியவில்லை. மைதானத்துக்கும் ஏரிக்கும் நடுவிலிருந்த மணல்திட்டில்தான் அம்மாவும் மற்ற பெண்களும் மீன் காயவைப்பார்கள். பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது. நைனா பிடித்து வந்ததில் விற்றது போக மிஞ்சியது அங்கே கருவாடாகும். எங்கள் வீட்டில் அடுப்பெரிந்ததும் நான் படித்ததும் அதில்தான். அங்கிருந்து பார்த்தால் மைதானத்தின் கடைசிக் கொடி தெரியும். ஒரு நாள் தள்ளி நிற்கும், மறுநாள் கிட்டே வந்து நிற்கும்.

"இன்னாடி, நேத்து அந்தாண்ட இருந்த கொடி இன்னிக்கு இந்தாண்ட வந்துகீது?" என்றாள் அம்மா.

குழிக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு மீனைத் திருப்பிப் போட்டாள்.

"தண்ணில கொடி இருந்தா கீழ வலை கீதுனு அர்த்தம். தரைல நட்டா மட்டும் சும்மாவா?"

ஏரியில் அப்படித்தான். கொடி மிதந்தால் அது ஒருத்தன் வலை விட்ட இடம், அடுத்தவன் படகு விலகித்தான் போகும். அன்றிலிருந்து, கொடி நகர்ந்து நகர்ந்து திட்டைப் பிடிக்க வருகிறதோ என்ற சந்தேகம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. சூப்பர்வைசர் கொடியைப் பிடுங்கும்போதெல்லாம் அவர் முகத்தையே பார்ப்பேன். கழுத்து ஏதாவது சுளுக்கிக்கொண்டதா என்று அவர் அக்கறையாகக் கேட்டார். அந்த அக்கறையையும் சந்தேகப்பட்டேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் முதல் கேள்வி கொடி எங்கே என்பதுதான், சாப்பாடெல்லாம் அப்புறம். சம்பளம் வாங்கிக்கொண்டு நான் உண்மையை மறைக்கிறேன் என்று குப்பத்தில் பேச்சு கிளம்பியது. அம்மா அதை மறுக்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

சீசனுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது வெளியூர் ஆட்கள் வந்து, திட்டின் தண்ணீர்ப் பக்க ஓரத்தில் வெள்ளையடித்த கம்பங்களை வரிசையாக நட்டார்கள். பந்து அதைத் தாண்டிப் போனால் ஆட்டத்தில் சேராது, அதற்கான அடையாளம் என்று சொன்னார்கள். இதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கம்பம் நகர்கிறதா என்ன? பெண்களுக்கு ஒரே சந்தோஷம், கயிறு கட்டி வாளை மீனைத் தொங்கவிடலாமே. ஓர் ஆள் தனியாகக் கம்பத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்த அம்மா, கூடையை இறக்கிவைத்துவிட்டுப் போய், அவன் மண்ணைக் குத்தி இறுக்கும்வரை அதை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்ததும் என்னிடம் கேட்டது, இன்றைக்குக் கொடி எங்கே என்று.

அடுத்த மழைக்குள் கம்பத்துக்குக் கம்பம் முள்கம்பி இழுத்துவிட்டார்கள். திட்டு உள்ளே, நாங்கள் வெளியே. மனு கொடுக்கப் போன இடத்தில், கம்பம் நடும்போது ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டார்கள். நான் வேலையை விட்டேன். அதனால் அங்கே ஒரு புல்கூட வாடவில்லை.

ரிசார்ட்டும் நிலைக்கவில்லை, பூட்டிவிட்டார்கள். இப்போது என்னோடு அனுப்பம்பட்டில் இருக்கும் அம்மா, பொன்னேரி சந்தையில் அடுத்தவர் காயவைத்த கருவாட்டை முகர்ந்து முகர்ந்து வாங்குகிறாள். போன மாதம் திட்டைப் பார்க்கவேண்டும் என்றாள், கூட்டிப்போனேன். அந்தப் புல் இல்லை, கொடிகள் இல்லை, கருவாட்டு வாசனை துளியும் இல்லை. மைதானமும் திட்டும் ஒன்றாகச் சேர்ந்து வேலிகாத்தான் முள்காடாகிக் கிடந்தன. கம்பங்கள் பாதிக்குமேல் சாய்ந்திருந்தன. அம்மா வேலியோரமாகவே நடந்து போய், ஒரு கம்பத்தின் முன் நின்று, அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"இது நான் புட்ச்சது," என்றாள். "இன்னும் நேராத்தான் நிக்குது."