அம்மா தொட்ட செடிகள்

என் தம்பி செத்துப்போன பிறகு அம்மா என் தலையில் கை வைப்பதை நிறுத்திவிட்டாள். அதற்கு முன்பெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, ஆளுக்கொரு கையாகத் தலைமேல் வைத்து, கண்ணை மூடி ஜெபம் செய்வாள். எங்கள் தெருவில் கிறிஸ்தவ வீடுகளில் இது சகஜம்தான். ஆனால் என் அம்மாவின் ஜெபம் கொஞ்சம் நீளம். கம்பெனி பஸ் போய்விடுமே என்று நான் காலை மாற்றி மாற்றி நிற்பேன். தம்பி ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்து இளிப்பான்.

அவன் ரோலிங் மில்லில் இருந்தான். பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கம்பியாக இழுக்கும் இடம். ஒருநாள் கம்பி தடம் மாறி ஓடிவந்தது. அதற்குமேல் எழுத எனக்கு மனசில்லை. அன்று எனக்கு லீவு, உள்ளே படுத்திருந்தேன். அதனால் அம்மா இரண்டு கையையும் அவன் தலையிலேயே வைத்து அனுப்பியிருந்தாள்.

சாவு வீட்டில் யாரோ ஒருத்தி, 'கை வெச்சி அனுப்பிச்சாளே, இன்னா கையோ' என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் அம்மா காதில் விழுந்தது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த நிமிஷம்தான் அவள் அழுகையை நிறுத்தினாள். நான் எழுந்துபோய் அந்தப் பெண்ணை நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். மூக்கு மேல் கோபம் வருகிறவள் என்று பெயரெடுத்தவள், அன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மறுபடி வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், வழக்கம்போல் வாசலில் நின்றேன். அம்மா சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்துவிட்டுக் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். "பஸ்ஸு வந்துடும், போ" என்றாள். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆன பெண், தலையில் கை வையம்மா என்று எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. ஆனால் தினமும் அந்த வாசலில் ஒரு நொடி கூடுதலாக நின்றேன். அந்தக் கை எனக்குத் திரும்ப வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு விதைக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில். சுற்றிலும் மில்லும் புகையும். மொட்டை மாடியில் வெள்ளைத் துணி காயப்போட முடியாத பேட்டை அது. அதன் நடுவே வருஷம் முழுக்க இருபத்திரண்டு டிகிரியில் ஓர் அறை. அதற்குள் அரபிடாப்சிஸ் என்ற செடியை வளர்க்கிறோம். கடுகு வகையறா. கூட்டுக்கும் உதவாது, குழம்புக்கும் உதவாது. தரையோடு படுத்துக் கிடக்கிற நாலு இலை, நடுவில் ஒரு தண்டு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத வெள்ளைப் பூ. ஆனால் ஒன்றரை மாதத்தில் விதை விட்டுவிடும், அதன் ஜீன்கள் மொத்தமும் அத்துப்படி. இதில் கற்றுக்கொண்டதைப் பிறகு நெல்லிலும் மிளகாயிலும் முயன்று பார்ப்பார்கள்.

எங்களுக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி இது. ஒரு செடி வளர்வதற்கும் நோயோடு மல்லுக்கட்டுவதற்கும் ஒரே சாப்பாட்டைத்தான் பங்குபோட வேண்டும். ஒரு பக்கம் அள்ளிக் கொடுத்தால் இன்னொரு பக்கம் பட்டினி. அந்தப் பங்கைப் பிரிக்கிற ஜீன் எது? எங்கள் மேலாளர் ஒரு ஜீனைச் சந்தேகப்பட்டார். அது வேலை செய்யாதபடி முடக்கிய செடிகளையும் சாதாரணச் செடிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வளர்த்து ஒப்பிடுவது என் வேலை.

அம்மா அப்போது வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்பா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். என் கணவருக்கு மீஞ்சூர் பக்கம் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று பயந்து, எங்கள் கம்பெனிக்குத் துப்புரவு ஆட்களை அனுப்பும் காண்டிராக்டரிடம் கெஞ்சி அவளைச் சேர்த்துவிட்டேன். கம்பெனிக்குள் சொந்தம் கொண்டாடக் கூடாது என்று அவளுடைய சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். "மேடம், கால கொஞ்சம் தூக்குங்க" என்று முகத்தை நேராக வைத்துக்கொண்டு என் நாற்காலிக்கு அடியில் துடைப்பாள். தம்பி இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான் என்று இரண்டு பேருக்குமே தோன்றும். அதைச் சொல்லிக்கொள்ள மாட்டோம்.

அந்த அறையில் ஒரு விதி உண்டு. செடித் தட்டுகளை இரண்டு நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றி வைக்க வேண்டும். கதவோரம் இருப்பது உள்ளே போகும், உள்ளே இருப்பது கதவோரம் வரும். கதவோரத்தில் வெளிச்சம் கொஞ்சம் கம்மி. வெளிச்சமோ காற்றோ ஒரு தட்டுக்கு மட்டும் சாதகமாகிவிடக் கூடாது. எனக்கு அப்போது வயிற்றில் மூன்று மாதம். அந்த அறையின் ஈரமண் வாசனைக்கே குமட்டும். மாற்றியதாக நோட்டில் எழுதிவிட்டு, மாற்றாமல் விட்டேன். ஜீன் முடக்கிய தட்டுகள் எல்லாம் வாரக்கணக்கில் கதவோரமே இருந்தன.

அந்தச் செடிகள் குட்டையாக நின்றன. பூக்கவும் நாளெடுத்தன. சாம்பல் பூஞ்சையைத் தெளித்துப் பார்த்தால், உள்ளே இருந்த சாதாரணச் செடிகள் அழுகின, இவை தாக்குப்பிடித்தன. வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு பாதுகாப்பைக் கூட்டியிருக்கிறது என்று மேலாளர் துள்ளிக் குதித்தார். அறிக்கை தலைமை ஆய்வகத்துக்குப் போனது. அவர்கள் அதே விதையை அங்கே விதைத்தார்கள். அங்கே இரண்டும் ஒரே மாதிரி வளர்ந்து, ஒரே மாதிரி அழுகின. "உங்க ரூம்ல என்னதான் நடக்குது?" என்று மேலாளர் என்னைக் கேட்டார்.

மறுநாள் சீக்கிரமாகவே போனேன். அந்த அறைக் கதவில் கையகலக் கண்ணாடி ஒன்று உண்டு. அதன் வழியாகப் பார்த்தேன். அம்மா கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தாள். கதவோரத் தட்டுகளின் மேல் உள்ளங்கையை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தாள். இலைகள் அவள் கைக்குக் கீழே மடங்கி, கை நகர்ந்ததும் எழுந்தன. உதடு அசைந்துகொண்டிருந்தது. கடைசித் தட்டில் இரண்டு கையையும் விரித்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு ஆராய்ச்சி ஞாபகமே வரவில்லை. எனக்கு வைக்காத கையை இந்தப் பூண்டுகளுக்கு வைக்கிறாளே என்றுதான் வயிறு எரிந்தது.

கதவைத் திறந்து, "இன்னாம்மா பண்ணிகினு கீற?" என்று கத்தினேன்.

"ஒன்னும் இல்ல மேடம்" என்றாள் பழக்கதோஷத்தில். பிறகு, "உள்ள கீறதெல்லாம் நல்லா வளந்துகீது பாப்பா. இதுங்க மட்டும் சவலையா கீது. பாவமா இருந்துச்சி. அதான் டெய்லி ஜெபம் பண்ணிகினு கீறேன்" என்றாள்.

"நீ தொட்டதாலதான் இதுங்க வளரல. தொட்டா வளராதும்மா இது. நீ தொடத் தொடத்தான் குட்டையா பூட்ச்சி."

"என் கையாலயா?"

"ஆமா. உன் கையாலதான்."

அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். நான் என்ன சொல்லிவிட்டேன் என்று அப்போதே எனக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே சரிசெய்திருக்கலாம். செய்யவில்லை. என் கோபம் இன்னும் தீர்ந்திருக்கவில்லை.

நான் சொன்னது பொய்யில்லை. இலையைத் தொட்ட அரைமணி நேரத்துக்குள் அந்தச் செடிக்குள் ஆயிரக்கணக்கான ஜீன்கள் வேலையை மாற்றிக்கொள்கின்றன. காற்றோ, பூச்சியோ, ஏதோ ஓர் ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோன் ஊறுகிறது. தினமும் தொட்டால் தினமும் இதே கதை. செடி உயரத்தைக் குறைத்து, பூப்பதைத் தள்ளிப்போட்டு, தன்னை இறுக்கிக்கொள்கிறது. அந்த இறுக்கத்தால்தான் பூஞ்சையும் புழுவும் அதை லேசில் தின்ன முடிவதில்லை. இந்தப் பின்பாதியும் எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். அம்மாவிடம் முன்பாதியை மட்டும் சொல்லிவிட்டு நின்றேன்.

மேலாளரிடம், துப்புரவு செய்கிறவர்கள் செடியைத் தொட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். தட்டுகளை இடம் மாற்றாதது பற்றி மூச்சுவிடவில்லை. அம்மாவை அந்த அறைப் பக்கம் போகக் கூடாது என்றார்கள். ஒரு வாரத்தில் அவளாகவே வேலையிலிருந்து நின்றுவிட்டாள்.

மேலாளர் கெட்டிக்காரர். தொடுவதையே முறையான பரிசோதனையாக வைத்துக்கொள்வோம் என்றார். அந்த வேலையும் என் தலையில்தான் விழுந்தது. தினமும் காலையில் மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் பாதித் தட்டுகளை வருட வேண்டும். இந்தமுறை ஒழுங்காக இடம் மாற்றி மாற்றி வைத்தேன். வருடிய செடிகள் குட்டையாக நின்றன. பூஞ்சை தெளித்த நாலாம் நாள் வருடாத தட்டுகள் கொழகொழவென்று சாய்ந்தன. வருடியவை புள்ளி விழுந்த இலைகளோடு நின்றன. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அந்த அறைக்குள் தனியாக இருக்கவே பயமாகிவிட்டது. விசிறிக் காற்றில் கதவோரத்து இலைகள் ஒரே பக்கமாக மடங்கி எழும்போது, அந்த இடத்தில் ஒரு உள்ளங்கை போய்க்கொண்டிருப்பதாகவே தெரியும். வெளியே வந்த பிறகும் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் நீட்டியபோது அம்மா இரண்டடி பின்னால் போனாள். "கை ஈரமா கீது" என்றாள். ஈரமெல்லாம் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு எனக்குப் பூண்டுக் குழம்பு வைத்தாள், வெந்நீர் போட்டாள், பீத்துணியெல்லாம் கசக்கினாள். குழந்தையை மட்டும் தூக்கவில்லை. குளிப்பாட்டப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுவாள். கேட்டால் கையில் மிளகாய் என்பாள், சோப்பு என்பாள், முட்டி வலி என்பாள். குழந்தையைப் போடும் ஏணையில் ஒரு கயிற்றைக் கட்டி, தள்ளி உட்கார்ந்து இழுத்து இழுத்து ஆட்டுவாள். குழந்தை வீறிட்டு அழுதால் என்னைத்தான் கத்திக் கூப்பிடுவாள். நான் குளியலறையிலிருந்து ஓடிவருவதற்குள் அவள் முகம் வெளிறிப்போயிருக்கும், கயிறு மட்டும் போய்வந்துகொண்டிருக்கும்.

எட்டு மாதம் இப்படிப் போனது. எட்டு மாதமும் நான் வாய் திறக்கவில்லை. சொன்னால் தட்டு மாற்றாத கதையையும் சொல்லியாக வேண்டும், அம்மாவைக் காட்டிக்கொடுத்ததையும் சொல்லியாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து அவள் பாயில் உட்கார்ந்திருந்தபோது எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குழந்தை எங்களுக்கு நடுவே தவழ்ந்துகொண்டிருந்தது.

"தப்பு என்னுதுதாம்மா. தட்ட நான் மாத்தி வெக்கல. அப்புறம், அன்னிக்கு உன்கிட்ட பாதிதான் சொன்னேன். நீ தொட்டதுங்கதாம்மா பொழச்சிது. தொடாததுதான் அழுகிப் பூட்ச்சி. திரும்பப் பண்ணிப் பாத்தோம், அப்பவும் அப்டிதான்."

"குட்டையா இருந்தாலும் சாவலியா?"

"சாவலம்மா."

"கை பட்டதாலயா?"

"ஆமாம்மா. கை பட்டதாலதான்."

அம்மா பாயின் கோரையைப் பிய்த்தாள். முகத்தில் ஏதோ இளகுவது போலத் தெரிந்தது. அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது.

"அப்டின்னா உன் தம்பி?" என்றாள்.

"தம்பிக்கு இன்னாம்மா?" என்றேன்.

"பொறந்ததுலேர்ந்து டெய்லி வெச்ச கை பாப்பா. ஒருநாள் உட்டதில்ல. அன்னிக்கு ரெண்டு கையும் வெச்சேன். அவன் ஏன் நிக்கல?"

செடி வேறு, மனுஷன் வேறு என்று சொல்ல வாய் எடுத்தேன். எந்த முகத்தோடு சொல்வது? கோபம் வந்தபோது செடியைக் கொண்டுவந்து அவள் கையில் ஒட்டியவள் நான்தான். இப்போது ஆறுதலுக்கும் அதே செடியைத்தான் எடுத்து வந்திருந்தேன். படித்த மகள் சொன்னதை இரண்டுமுறையும் அவள் அப்படியே நம்பினாள்.

"தெரியலம்மா" என்றேன்.

குழந்தை அவளிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் புடவையைப் பிடித்து, முழங்காலைப் பிடித்து, தோளைப் பிடித்து முதன்முதலாக எழுந்து நின்றது. கால் இரண்டும் கிடுகிடுவென்று ஆடின. அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் தாடை வரைக்கும் வந்துவிட்டது, துடைக்கவில்லை. அவள் கைகள் இரண்டும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தூக்கியபடியே இருந்தன.