லைன்மேன் அமாவாசையின் கன்னத்துச் சுருள்

போன காமிக்ஸ் இதழிலிருந்து லைன்மேன் அமாவாசையின் கன்னம் வழவழவென்று இருக்கிறது. அவன் வலது கன்னத்தில் இத்தனை வருடமாக இருந்த சுருள் எங்கே போயிற்று என்று பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் என் கடைக்கு வருகிற அத்தனை பேரும் கேட்கிறார்கள். பருத்தி மூட்டையோடு வந்தவர் கேட்கிறார். மாட்டுக்கு லாடம் அடிக்க வந்தவர் கேட்கிறார். காமிக்ஸே வாங்காதவர்கூட நின்று கேட்டுவிட்டுப் போகிறார். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. ஒரே தடவை எழுதிக் கடை வாசலில் மாட்டிவிட்டால் நான் பாட்டுக்கு வியாபாரத்தைப் பார்க்கலாம். கம்பி எரிந்த பிறகு பிறந்த பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

எண்பத்தொன்பதாம் வருடம் வானம் இரண்டு ராத்திரி சிவப்பாகக் கிடந்தது. சூரியனிலிருந்து ஏதோ புயல் வந்து மோதியது என்று பிற்பாடு சொன்னார்கள். கம்பிகள் எரிந்தன, டிரான்ஸ்பார்மர்கள் வெடித்தன. அன்றைக்குப் போன கரண்ட் உலகத்தில் எந்த மூலைக்கும் இன்னும் திரும்பவில்லை. பிறகு டீசல் வரவில்லை, அரிசி வரவில்லை. மெட்ராஸிலிருந்து ஜனங்கள் நடந்தே வந்தார்கள், பாதிப் பேர் வழியிலேயே போய்விட்டார்கள். நம் பக்கம் சோளத்தையும் வெங்காயத்தையும் தின்று உயிரோடு இருந்தோம். சிமெண்ட் ஆலைக் கோபுரங்களில் இப்போது சோளம் கொட்டி வைத்திருக்கிறோம். பஸ்ஸை இரண்டு ஜோடி மாடுகள் இழுக்கின்றன. கண்டக்டர் மட்டும் அதே பழைய விசிலை அதே அதிகாரத்தோடு ஊதுகிறார்.

இந்த உலகத்தில் ஒருத்தி காமிக்ஸ் போடுவாள் என்று யார் எதிர்பார்த்தார்கள்? கரண்ட் காமிக்ஸ் என்று அட்டையில் இருக்கிறதே, அதற்கு முதலாளி, படம் போடுகிறவர், அச்சடிக்கிறவர் எல்லாமே அரியலூர் புவனேஸ்வரிதான். கம்பி எரிந்தபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. சுரங்கம் நின்றது, பள்ளிக்கூடமும் நின்றது. ஆண்டிமடத்திலிருந்து வரும் முந்திரிக்கொட்டையைச் சுட்டு உடைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

முந்திரிக்கொட்டை சுட்டவர்களுக்குத் தெரியும், அந்த ஓட்டில் ஒரு கறுப்பு எண்ணெய் வரும், கையில் பட்டால் தோலை உரித்துவிடும். அந்த எண்ணெய் படிந்த கையை ஒருநாள் வாசலில் கிடந்த சுண்ணாம்புக்கல் பலகையில் ஊன்றிவிட்டார். கரியைத் துடைத்துக் கழுவியதும் கல் வெறுமையாகத் தெரிந்தது. மறுபடி தண்ணீர் ஊற்றியபோது கல் முழுக்க நனைந்தது, கை பட்ட இடம் மட்டும் நனையவில்லை. ஐந்து விரலும் பளிச்சென்று தெரிந்தன. அதன்மேல் எண்ணெயில் குழைத்த கரியைத் தடவினால் கரி அந்தக் கை அடையாளத்தில் மட்டும் ஒட்டியது. துணியை வைத்து அழுத்தினால் துணியில் கை வந்தது. வேறு யாராக இருந்தாலும் கல்லை ஒதுக்கிப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்த்திருப்பார்கள். இவர் அன்றைக்கு முழுக்கத் தன் கையையே அச்சடித்துக்கொண்டிருந்தாராம்.

காமிக்ஸ் பிறந்தது கோபத்தில். தங்கச்சி பிள்ளைகளிடம் பல்பைக் காட்டி இது எரியும் என்று சொல்லியிருக்கிறார். மின்மினிப் பூச்சியைப் பிடித்து அடைக்கிற பாட்டில்தானே அது என்று அவர்கள் சிரித்தார்களாம். தலைக்கு மேலே ஃபேன் தானாகச் சுற்றும் என்று சொன்னதும் பெரியம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மணிக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. சுரங்கத்துக்குப் போய் நல்ல கல்லாகப் பார்த்துத் தள்ளுவண்டியில் வைத்து இழுத்து வந்து ஃபேன் சுற்றுவதை வரைந்து காட்டினார். கோபத்தில் பதிப்பாளர் ஆனவரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

கதை உங்களுக்கே தெரியும். லைன்மேன் அமாவாசை ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு இதழிலும் ஒரு ஊருக்குப் போவான், கம்பத்தில் ஏறுவான். கடைசிப் பக்கத்தில் மட்டும் கரண்ட் வரும். யாரோ ஒரு வீட்டில் ஃபேன் சுற்றும், அதோடு போய்விடும். அடுத்த இதழில் எங்கள் ஊருக்கு வரச் சொல்லுங்கள் என்று என் கடைக்குச் சிபாரிசு பிடிக்க வருகிறவர்களும் உண்டு.

முதல் இதழ் வந்தபோது நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். கல்லில் வரைவது காகிதத்தில் இடவலம் மாறி விழும். அதை யோசிக்காமல் எழுத்தை நேராகவே எழுதிவிட்டார். புத்தகம் முழுக்க எழுத்து திரும்பி நின்றது. பஸ் ஸ்டாண்டு சலூனில் கண்ணாடிக்கு முன்னால் காமிக்ஸைப் பிடித்துக்கொண்டு ஜனம் வரிசையில் நின்றது. இரண்டாவது இதழிலிருந்து எழுத்தைத் திருப்பி எழுதப் பழகிக்கொண்டார். முகத்தை அப்படியே விட்டுவிட்டார், முகம் எந்தப் பக்கம் திரும்பினால் யாருக்கு என்ன?

இனி சுருள். அட்டையில் அமாவாசையின் முகம் பெரிதாக இருக்கும், வலது கன்னத்தில் நத்தைக் கூடு மாதிரி ஒரு சுருள். ஆரம்பத்தில் மிளகு அளவுதான் இருந்தது. இதழுக்கு இதழ் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து கடைசியில் எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துவிட்டது. ஷாக் அடித்த தழும்பு என்றார் ஒருவர். அவன் கம்பத்தில் ஏற ஏற அது விரியும் என்றார் இன்னொருவர். எனக்கும் தூக்கம் வரவில்லை. காமிக்ஸ் கட்டு வாங்கப் போகும்போதெல்லாம் புவனேஸ்வரியிடம் கேட்பேன்.

“ஒங்களுக்கு விக்கிற வேல. வித்துக்கிட்டுப் போங்க” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

போன சித்திரையில் வேப்பந்தட்டையிலிருந்து ஒரு அம்மா என் கடைக்கு வந்தார். பெயர் காத்தாயி. இடுப்பில் ஒரு துணி மூட்டை, அதற்குள் பழைய காமிக்ஸ்கள். எல்லாவற்றையும் அட்டை மேலே தெரிகிற மாதிரி என் பலகையில் பரப்பினார். இதைப் போடுகிறவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

அவர் வீட்டுக்காரர் அய்யம்பெருமாள் வேப்பந்தட்டையில் லைன்மேன். வானம் சிவந்த மறுநாள் காலையில் லைனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏணியோடு போனவர் வரவில்லை. மகன் முத்துவேல் அப்போது தொட்டிலில் கிடந்தான். ஒரு போட்டோகூடக் கிடையாது, இருந்த ஒன்றும் ஆபீஸ் அட்டையில் ஒட்டி அவர் சட்டைப் பையிலேயே போய்விட்டது. இத்தனை வருடம் காத்தாயி கருமாதி செய்ய விடவில்லை. இப்போது பேத்திக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும் என்று முத்துவேல் நாள் குறித்துவிட்டான். அந்த நேரம் பார்த்து யாரோ பழைய காமிக்ஸ்களை மொத்தமாக வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அய்யம்பெருமாள் கன்னத்திலும் இதே மாதிரி சுருட்டிக்கொண்ட மச்சம் ஒன்று உண்டாம். கல்யாணத்தின்போது சின்னதாக இருந்தது, போகிறபோது பெரிதாகிக்கொண்டு வந்தது. ஆனால் அவருக்கு இடது கன்னம், படத்தில் வலது கன்னம். முத்துவேல் அதைத்தான் பிடித்துக்கொண்டான். பக்கமே மாறியிருக்கிறது, இது வேறு யாரோ என்று சொல்லி அம்மாவின் வாயை அடைத்தான். காத்தாயி கேட்கவில்லை. வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார், படம் போடுகிறவருக்கு அவரைத் தெரியும் என்று நம்பினார். உயிரோடு இருக்கிறவருக்குக் கருமாதி செய்யலாமா? அதைக் கேட்கத்தான் கிளம்பி வந்திருந்தார்.

நான் கடையைச் சாத்திவிட்டு அவரோடு அரியலூர் பஸ்ஸில் ஏறினேன். உதவி செய்யத்தான் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் எனக்கும் அந்தச் சுருளின் சங்கதி தெரிந்தாக வேண்டியிருந்தது.

புவனேஸ்வரி அப்போதுதான் அட்டையை அச்சடித்து முடித்துக் கட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தார். காத்தாயி உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கடைசியாக ஒன்று கேட்டார்.

“அப்பப்ப பாக்காம வரைஞ்சா மச்சம் எப்படிம்மா வளரும்?”

 புவனேஸ்வரிக்கு முன்கோபம் அதிகம், ஆனால் பொய் வராது. ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லித் தொலையுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு காத்தாயியைக் கல்லிடம் கூட்டிக்கொண்டு போனார்.

அட்டை அச்சடிக்கிற கல் அது. அதற்குள்ளேயே அந்தச் சுருள் இருந்தது. நம் பூமி ஒரு காலத்தில் கடலுக்குள் கிடந்தது, அந்தக் கடலில் இருந்த ஏதோ ஒரு பூச்சியின் கூடு கல்லோடு கல்லாகிக் கிடக்கிறது என்றார் புவனேஸ்வரி. அந்த இடம் தண்ணீரைக் குடிக்காது, மையைப் பிடித்துக்கொள்ளும், ஒவ்வொரு அட்டையிலும் வந்து விழும். மறைக்க வழி தெரியாமல் அமாவாசையின் கன்னத்தை அதன்மேல் வைத்துவிட்டார். ஒரு அட்டை முடிந்ததும் மணலும் தண்ணீரும் போட்டு இன்னொரு கல்லால் தேய்த்தால்தான் அடுத்த படத்தை வரைய முடியும். தேயத் தேயக் கூடு இன்னும் அகலமாகத் தெரியும். சுருள் வளர்ந்த கதை அவ்வளவுதான். இதற்காகவா நான் இத்தனை வருடம் தூக்கம் கெட்டேன் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. காத்தாயியின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

“அப்ப ஆளே இல்லையா?”

“ஆளு இல்லக்கா. நானா வரைஞ்ச மூஞ்சிதான்.”

காத்தாயி கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை.  அச்சடித்த முகம் இன்னும் கல்லில்தான் இருந்தது. அவர் மெல்லக் கையை நீட்டிச் சுருளைத் தொட்டார், பிறகு அதே கையால் தன் இடது கன்னத்தைத் தொட்டார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. காகிதத்தில்தான் வலது பக்கம். கல்லில் சுருள் இடது கன்னத்தில் இருந்தது.

“இந்தப் பக்கந்தான்” என்றார். பிறகு, “கருமாதிக்குக் கல்லு நிறுத்தணும். செங்கல்ல நிறுத்திக்கிட்டு அதத்தான் இவருன்னு சொல்ல எனக்கு மனசு வரல. இந்தக் கல்லக் குடுப்பியாம்மா?” என்று கேட்டார்.

அந்தக் கல்லைப் பற்றி எனக்குத் தெரியும். வெடிப்பு இல்லாமல் அத்தனை பெரிய கல் அதற்குப் பிறகு சுரங்கத்தில் அகப்படவே இல்லை. உடையார்பாளையத்துப் பெரிய பண்ணைக்காரர் ஒருவர் மகன் கல்யாணப் பத்திரிகை அடிக்க ஒரே ஒரு நாள் கேட்டதற்கு, தேய்ந்துவிடும் என்று வாசலோடு திருப்பி அனுப்பினவர் புவனேஸ்வரி. போதாததற்குக் கருமாதி முடிந்ததும் கல்லை ஏரியில் விட்டுவிடுவது நம் பக்கத்து வழக்கம். கொடுத்தால் அதோடு சரி.

 புவனேஸ்வரி மணலை எடுத்துக் கல்லின்மேல் தூவி, தண்ணீர் விட்டு, கரகரவென்று தேய்க்க ஆரம்பித்தார். முகம் அழிந்துகொண்டே வந்தது. காத்தாயி பதறிக் கையைப் பிடித்தார்.

“அமாவாசை மூஞ்சி ஒங்களுக்கு எதுக்குங்க? ஒங்க வூட்டுக்காரரு மூஞ்சியச் சொல்லுங்க, வரையிறேன்” என்றார் புவனேஸ்வரி.

அன்று பொழுது சாயும்வரை காத்தாயி சொல்லச் சொல்ல அவர் முந்திரி எண்ணெயில் கரியைக் குழைத்து வரைந்தார். மூக்கு இத்தனை கூராக இருக்காது என்பார் காத்தாயி. புருவம் நடுவில் சேர்ந்திருக்கும் என்பார். காது எப்படி என்று கேட்டதும் திகைத்துப்போய், முத்துவேல் காதைப் போல என்றார், மகனின் காதைத் தன் விரலால் காற்றில் வளைத்துக் காட்டினார். முகம் முடிந்ததும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. சுருளை மட்டும் யாரும் வரைய வேண்டியிருக்கவில்லை.

கல்லை ஈரச் சாக்கில் சுற்றி வைக்கோலுக்கு நடுவே வைத்துக் கொண்டுபோனோம். புவனேஸ்வரியும் கூடவே கிளம்பிவிட்டார். வேப்பந்தட்டைவரை குண்டும் குழியுமான பாதை, நான் கல்லை மடியில் வைக்காத குறைதான். கருமாதி அன்று ஏரிக்கரையில் உறவுக்காரர்கள் எல்லாம் சூழ்ந்து நிற்க, சாக்கைப் பிரித்தோம்.

கல்லில் முகம் இல்லை. வழியெல்லாம் சாக்கு உரசி உரசிக் கரி முழுக்கப் போயிருந்தது. சுருள் மட்டும் ஒரு ஓரத்தில் கிடந்தது.  இந்த வெறுங்கல்லுக்காகவா அரியலூர்வரை போய் வந்தீர்கள் என்று முத்துவேல் அம்மாவைப் பார்த்துக் கடிந்துகொண்டான். காத்தாயி கல்லைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உறவுக்காரர் ஒருவர் பக்கத்தில் கிடந்த செங்கல்லை எடுக்கப் போனார்.

“பால ஊத்துங்க” என்றார் புவனேஸ்வரி.

முத்துவேல் அரை மனதாகச் செம்பைச் சாய்த்தான். பால் கல் முழுக்கப் பரவி வெளுத்தது. பிறகு ஒவ்வொரு கோடாக விலகியது. முதலில் சேர்ந்த புருவம், அப்புறம் மூக்கு, மீசை, முத்துவேலின் அதே காது, இடது கன்னத்தில் சுருள். வெள்ளைக்கு நடுவே ஒரு மனிதர் நனையாமல் நின்றார். முத்துவேல் செம்பை அப்படியே நிறுத்திவிட்டான். தொட்டிலில் கிடந்தபோது போன அப்பாவின் முகத்தை அவன் பார்த்ததே இல்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

“ஒங்கப்பாதாண்டா” என்றார் காத்தாயி. “நல்லாப் பாத்துக்க. பாத்துட்டு அப்புறம் ஊத்து.”